தாத்தாவுக்கு இல்லாமல் போன இடப்பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பதுக்குத் தாத்தா பாதி முகத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு வெளியே வந்தார். வலக் கன்னம் வழவழவென்று இருந்தது. இடக் கன்னத்தில் நான்கு நாள் வெள்ளை முடி அப்படியே நின்றது. மூக்குக்கு நேராகக் கோடு போட்டு நிறுத்தியதுபோல் இருந்தது.

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன்.

“இன்னா தாத்தா, பிளேடு தீந்து போச்சா?”

அவர் வலக் கையால் வலக் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். “வழிச்சாச்சே. இன்னும் இன்னா?”

நான் கைபேசியில் படம் எடுத்து, பெங்களூரில் தையல் கம்பெனியில் வேலை செய்யும் அம்மாவுக்கு அனுப்பினேன். கூடவே இரண்டு சிரிப்புப் பொம்மைகள். நேரம் ஆறு நாற்பது என்று எனக்குத் தெரிவது அந்தப் படத்தால்தான். அன்று பிற்பகல் மருத்துவர், “எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?” என்று கேட்டபோது காட்டுவதற்கு என்னிடம் இருந்ததும் அது மட்டும்தான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்திருந்தால், “அப்போதே கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே” என்ற வரியை நீங்களும் பலமுறை சொல்லிப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்த வரியோடு ஒரு புகைப்படமும் இருக்கிறது. அதில் என் விரல் நிழலும் விழுந்திருக்கிறது.

தாத்தாவின் பெயர் கோவிந்தன். அப்போது வயது எழுபத்தொன்று. எங்கள் ஊர் காவலூருக்கு மேலே, பேருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை வந்து திரும்பும் மலைக்கிராமம். சாமையும் புளியும்தான் பிழைப்பு. பதினெட்டு வயதில் தாத்தா பட்டாளத்துக்குப் போனார். அங்கே ஹாக்கி ஆடக் கற்றுக்கொண்டார். பதினேழு வருடம் கழித்து ஒரு இரும்புப் பெட்டியோடும் இரண்டு மட்டைகளோடும் திரும்பி வந்தார்.

அவர் யாருக்கும் கற்றுக்கொடுக்க விரும்பியதில்லை. அவருக்கு ஆட வேண்டும், அவ்வளவுதான். ஆள் சேர்வதற்காக நாலு பேருக்கு மட்டை வாங்கிக் கொடுத்தார். வனக்காவலர், மினி பஸ் டிரைவர், புளி வியாபாரி துரைசாமி என்று ஆறேழு பேர் ஞாயிறுதோறும் பள்ளிக்கூட மைதானத்தில் கூடுவார்கள். மைதானம் கிழக்கே சரிந்திருக்கும். பந்து தவறினால் சாமைக் கொல்லைக்குள் போய்விடும்.

ஆட்டத்தில் தாத்தா நல்ல மனிதர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பந்து அவர் மட்டைக்கு வந்துவிட்டால் யாருக்கும் பாஸ் கொடுக்க மாட்டார். தவறவிட்டவனைத் தாயைச் சேர்த்துத் திட்டுவார். “பட்டாளத்தண்ணே, இருவது வருசத்துல எனக்கு இருவது பாஸ் குட்த்திருப்பியா நீ?” என்று துரைசாமி கேட்பார். “உனுக்குக் குட்த்தா அது பாஸ் இல்லடா, தானம்” என்பார் தாத்தா. திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் அடுத்த ஞாயிறும் வருவார்கள். அவர் ஆடுவது அவ்வளவு அழகாக இருக்கும்.

“எடது கை மொதலாளி, வலது கை கூலியாள்” என்று சொல்வார். ஹாக்கி மட்டையின் உச்சியைப் பிடிப்பது இடது கை. மட்டையை இப்படியும் அப்படியும் புரட்டிப் பந்தை ஏமாற்றுவது அந்தக் கைதான். வலது கை கீழே இருந்து தாங்கிக்கொடுக்கும்.

எனக்கு நான்கு வயது ஆனபோது அம்மா பெங்களூருக்குப் போய்விட்டாள். அதன்பின் தாத்தாதான் எனக்குத் தலை பின்னிவிட்டார். மட்டைக்குக் கைப்பிடி நாடா சுற்றுவதுபோல இறுக்கிப் பின்னுவார். பள்ளிக்கூடம் விடும் வரை நெற்றி வலிக்கும். ஒரு முடிகூடக் கலைந்திருக்காது.

அந்த ஞாயிறு அவர் பாதி முகத்தோடு மைதானத்துக்குப் போனார். நானும் போனேன். ஒடுகத்தூரில் இ-சேவை மையத்தில் எனக்கு வேலை. சனி இரவு வந்து திங்கள் காலை போவேன். ஞாயிறு காலை அவர் ஆடுவதைப் பார்ப்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம்.

ஆட்டம் ஆரம்பித்ததும் துரைசாமி இடப்பக்கமாகப் பந்தை உருட்டினார். தாத்தா அசையவில்லை. பந்து அவர் காலருகே போய்க் கொல்லையில் விழுந்தது. “கண்ணு தெரிலயா அண்ணே?” என்றார் துரைசாமி. “நீ எங்கடா குட்த்த?” என்று தாத்தா கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, ஓடிக்கொண்டிருந்தவர் இடது தோளால் கோல் கம்பத்தில் மோதி விழுந்தார். முப்பது வருடமாக அதே இடத்தில் நின்ற கம்பம்.

எழுப்பி உட்காரவைத்தோம். மட்டையைக் கொடுத்தபோது இடது கை அதைப் பிடிக்கவில்லை. விரல்கள் மட்டையின் மேல் கிடந்து நழுவின.

“கை தூக்கு தாத்தா” என்றேன்.

“தூக்கிட்டேனே” என்றார்.

கை மடியில் கிடந்தது.

“ஒண்ணும் இல்ல. பித்தம். போய்ட்டு ஒரு சோடா வாங்கினு வா” என்றார். குரல் எப்போதும்போல அதிகாரமாக இருந்தது. நாங்கள் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டே பழகியவர்கள். சோடா கொடுத்து வீட்டில் படுக்கவைத்தோம். பதினோரு மணிக்கு வாந்தி எடுத்தார். வாய் ஒரு பக்கம் இழுத்தது. அதன் பிறகுதான் மாமா ஆம்புலன்ஸுக்குப் பேசினார். வண்டி மலையேறி வந்து, திரும்ப வளைவு வளைவாக இறங்கி, ஒடுகத்தூர் தாண்டி வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மணி இரண்டரை.

அந்த எட்டு மணி நேரத்தில் எப்போதாவது அவர் “வலிக்குது” என்று ஒருமுறை சொல்லியிருந்தால் நாங்கள் ஓடியிருப்போம். இந்த நோய்க்கு வலி இல்லை. நோய் வந்த மூளையே, தனக்கு நோய் இல்லை என்றும் சொல்லிவிடுகிறது.

மருத்துவர் என்னைவிடச் சற்று மூத்த பெண். புகைப்படத்தைப் பார்த்தார். நேரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

“மூளையோட வலப்பக்கம் ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி, நாலரை மணி நேரத்துக்குள்ள வந்தாதான் போட முடியும். இப்பப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும்.”

“இனிமே இன்னா பண்றதுங்க?”

“உயிரக் காப்பாத்தலாம்.”

அந்த வார்த்தையை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். அதில் எவ்வளவு குறைவாகச் சொல்லியிருக்கிறார் என்று புரிய எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

ஆறாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். இடது கையும் காலும் சுத்தமாக விழுந்திருந்தன. மூக்கில் ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் உணவுக்குழாய்). பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் புரிந்தது. ஊர்ப் பெயர், என் பெயர், பட்டாளத்து நம்பர் எல்லாம் சரியாகச் சொன்னார். நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

பக்கத்துக் கட்டிலில் ஆம்பூர்க்காரர் ஒருவர் இருந்தார். எட்டாம் நாள் காலை அவர் இறந்துபோனார். துணி போர்த்தி எடுத்துப் போனார்கள். சற்று நேரம் கழித்துத் தாத்தா என்னை ஜாடையால் கூப்பிட்டார்.

“கனகா, நர்ஸம்மாவக் கூப்புடு. அந்த ஆளத் தூக்கினு போனாங்க பாரு, அவன் கைய இங்கயே வுட்டுட்டுப் போய்ட்டாங்க. என் படுக்கையில கெடக்குது. சில்லுனு கீது.”

நான் போர்வையை விலக்கினேன். அவருடைய இடது கைதான். மணிக்கட்டில் பட்டாளத்தில் குத்திய பச்சை இருந்தது.

“இது உன் கை தாத்தா. பச்சையப் பாரு. உன் பேரு.”

அவர் பார்த்தார். “அவனுக்கும் கோவிந்தன்னுதான் பேரு போல” என்றார்.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு திரும்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. புகைப்படம் அனுப்பியவள் நான்.

மருத்துவர் தாளில் ஒரு வட்டம் வரைந்து, கடிகாரத்தின் எண்களை எழுதச் சொன்னார். தாத்தா பன்னிரண்டு எண்களையும் வலப்பக்கமே நெருக்கி எழுதினார். இடப்பாதி வெள்ளையாக இருந்தது. “அவ்வளவுதான்” என்று பேனாவைக் கீழே வைத்தார்.

“இதுக்கு நெக்லெக்ட்னு பேரு” என்றார் மருத்துவர் (ஒரு பக்க உலகத்தையே மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுவது). “கண்ணு நல்லா இருக்கு. ஆனா இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியாது. கூடவே அனோசோக்னோசியாவும் இருக்கு” (தனக்கு நோய் இருப்பதையே அறியாத நிலை). “அவர் பொய் சொல்லல, பிடிவாதமும் இல்ல. கை தூக்கறேன்னு சொல்றப்ப, அவரைப் பொறுத்தவரைக்கும் அது தூக்கித்தான் இருக்கு.”

“அவரு லெஃப்ட் இன் ஆடுறவருங்க” என்றேன் (ஹாக்கியில் முன்வரிசையில் இடப்பக்கம் ஆடுபவர்). ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மருத்துவருக்கு அது புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

இருபத்திரண்டாம் நாள் மலைக்குக் கொண்டுவந்தோம். நான் வேலையை விட்டேன். மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான். மாமா கொல்லை வேலைக்குப் போய்விட்டால் நான் மட்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது பிசியோதெரபி அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். எல்லாவற்றையும் இடப்பக்கம் வையுங்கள். இடப்பக்கம் நின்று பேசுங்கள். அவர் தேடித் திரும்ப வேண்டும். இரக்கப்பட்டு வலப்பக்கம் போய் நிற்காதீர்கள்.

கேட்பதற்குச் சுலபம். மூக்குக் குழாயை எடுத்தபின் சோற்றுத் தட்டை இடப்பக்கம் வைத்தேன். அவர் நேரே பார்த்தபடி, “சோறு போடுடி” என்றார். “வச்சிருக்கேன் தாத்தா. எடது பக்கம் திரும்பு.” “எங்க வச்ச?” “திரும்பு.” அவர் வலப்பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்தார். தட்டு அவர் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஆவி பறக்கக் கிடந்தது. “பட்டினி போட்டுக் கொல்றாடா உங்க அக்கா பொண்ணு” என்று மாமாவிடம் அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதல் வாரம் நானும் அழுதுகொண்டே தட்டை நகர்த்தி வைத்தேன். மூன்றாவது வாரம் எனக்கு அழுகை வரவில்லை. ஒரு நாள் காலை பத்து மணிக்கு வைத்த கஞ்சியைப் பிற்பகல் இரண்டு வரை நான் நகர்த்தவில்லை. சிகிச்சை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சிகிச்சை இல்லை. அன்று காலை அவர் படுக்கையில் மலம் கழித்து, அதை இடது கை முழுவதும் பூசியிருந்தார். கழுவியபோது, “எவன் பீயையோ எம்மேல தடவுற” என்று என் கன்னத்தில் அறைந்தார். கஞ்சி நான்கு மணி நேரம் ஆறியது அதற்காகத்தான். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதை வெளியே சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

இதைவிடப் பெரிய தொல்லை, அவர் எழுந்து நடக்கப் போவார். தனக்கு ஒன்றும் இல்லை என்று நம்புகிறவர் ஏன் படுத்திருக்க வேண்டும்? காலை ஊன்றுவார், ஊன்ற அங்கே கால் இருக்காது. விழுவார். நெற்றியில் நான்கு தையல். இன்னொரு முறை உதடு கிழிந்தது. “எவனோ தள்ளி வுட்டான்” என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் இது அதிகம். காலையிலேயே, “மட்டைய எட்த்துக் குடு, நேரமாச்சு” என்று ஆரம்பிப்பார். இல்லை என்றால், “என்ன ஆட வுடாம கட்டி வச்சிருக்கீங்க. எம் பென்சனத் தின்னுட்டு என்னையே கட்டி வெக்கிறீங்க” என்று தெருவுக்குக் கேட்கக் கத்துவார்.

மூன்றாம் மாதம் மாமா உண்மையாகவே கட்டினார். அம்மாவின் பழைய புடவையை இரண்டாகக் கிழித்து, இடுப்பைக் கட்டிலோடு சேர்த்து. முடிச்சு இடப்பக்கம். அது அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது என்பதால்.

ஒரு ஞாயிறு அவர் என்னைப் பார்த்து, “உங்க அம்மா உன்ன வுட்டுட்டுப் போனா. நான் தூக்கி வளத்தேன். அவ செஞ்சதுதான் சரி” என்றார்.

நோய் பேசுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் குரல் அவருடையது. நான் மாமாவைக் கூப்பிட்டேன்.

“அவிழ்த்து வுடு மாமா. கிரவுண்டுக்குக் கூட்டினு போலாம்.”

“இன்னாத்துக்குப் புள்ள?”

“ஆடணும்னுதானே சொல்றாரு. ஆடட்டும்.”

மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிச்சை அவிழ்த்தார். ஆட்டோவில் ஏற்றி, பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய், நாற்காலியோடு தூக்கி மைதானத்தில் இறக்கினோம். வந்திருந்த ஐந்து பேரும் ஆட்டத்தை நிறுத்தினார்கள். துரைசாமி ஓடிவந்து, “வா பட்டாளத்தண்ணே” என்று வலக் கையைப் பிடித்துக்கொண்டார். தாத்தாவின் முகம் மூன்று மாதத்தில் முதல்முறையாகத் தெளிந்தது. “எங்கடா, ஆளே இல்லாம ஆடுறீங்க” என்றார்.

மாமா பின்னால் அணைத்துப் பிடித்து நிறுத்தினார். வலக் கையில் மட்டையைக் கொடுத்தேன். மட்டையின் உச்சி காற்றில் ஆடியது. அதைப் பிடிக்க வேண்டிய கை தொடையோரம் தொங்கியது. அவருக்கு அது தெரியவில்லை. குனிந்து தயாராக நிற்பதாக நினைத்தார்.

நான் கைபேசியை எடுத்து, சுவரோரம் கல்லில் சாய்த்து, பதிவை ஓடவிட்டேன். பிறகு பந்தை எடுத்து அவருக்கு இடப்பக்கமாக உருட்டினேன்.

“போடு” என்றார்.

“போட்டேன் தாத்தா.”

“எங்க?”

எடுத்து மறுபடியும் இடப்பக்கம் உருட்டினேன். மறுபடியும். ஐந்து முறையோ ஆறு முறையோ. ஒவ்வொரு முறையும், “போடுடி, இன்னாத்துக்கு வேடிக்க பாக்கற?” என்றார். துரைசாமியால் பொறுக்க முடியவில்லை. பந்தை எடுத்து அவருடைய வலப்பக்கம் வைக்கப் போனார்.

“வைக்காதீங்க” என்றேன்.

“வேணாம் கண்ணு. பாவம் அது. வுட்டுடு.”

“வைக்காதீங்கன்னு சொன்னேன்.”

அப்போது தாத்தா கோபத்தில் மாமாவின் பிடியை உதறித் திரும்பினார். இடது கால் மடங்கியது. இடது பக்கமாக, கையின் மேலேயே விழுந்தார். செம்மண்ணில் முகம் பதிந்தது. எழ முடியவில்லை.

“எவண்டா என் அடியில கெடக்கறான்? எழுந்திரிடா” என்றார்.

நான் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். “யாரும் இல்ல தாத்தா. உன் கைதான்” என்றேன். கைபேசியை எடுத்துவந்து, அவர் முகத்துக்கு வலப்பக்கமாகப் பிடித்து, பதிவைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். வாய் கோணிய ஒரு கிழவரை ஒருவன் பின்னாலிருந்து தாங்கி நிற்கிறான். கிழவரின் ஒரு கை தொங்குகிறது. ஒரு பெண் பந்தை உருட்டுகிறாள். பந்து அவர் காலைத் தொட்டுக்கொண்டு போகிறது. கிழவர் எதிரே வெறும் மண்ணைப் பார்த்து, போடு என்கிறார்.

முழுவதையும் பார்த்தார். “இன்னொரு தபா போடு” என்றார். போட்டேன். அதையும் முழுவதும் பார்த்தார்.

“வூட்டுக்குப் போலாம்” என்றார்.

வனக்காவலர் வேறு பக்கம் திரும்பி நின்றார். ஆட்டோவில் ஏற்றும்போது தாத்தா வலக் கையால் இடது கையைத் தானே தேடி எடுத்து, மடியில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் விழவில்லை. எழவே முயற்சி செய்யவில்லை. புடவைத் துண்டு தேவைப்படவில்லை. தட்டை இடப்பக்கம் வைத்தால் மெதுவாகத் தலையைத் திருப்பித் தேடிக் கண்டுபிடித்தார். நான்காம் மாதப் பரிசோதனையில் கடிகாரத்துக்கு இடப்பக்கமும் ஏழு, எட்டு, ஒன்பது வந்தன. மருத்துவர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மகிழ்ந்தார்.

“ரொம்ப நல்ல முன்னேற்றம். நோய் இருக்குன்னு அவருக்கே தெரிஞ்சிடுச்சு. இனிமே பயிற்சிக்கு ஒத்துழைப்பார். என்ன செஞ்சீங்க?”

“வீடியோ காமிச்சோங்க” என்றேன்.

“நல்லது. நாங்களும் சில பேருக்கு அப்படிச் செய்யறதுண்டு. பக்குவமாச் செய்யணும்.”

தாத்தா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேறுதல் என்று அவர்கள் சொன்னது இதைத்தான். அவர் பயிற்சிக்கு ஒத்துழைத்தார் என்பதும் உண்மை. தூக்கச் சொன்னதைத் தூக்கினார், மடக்கச் சொன்னதை மடக்கினார். திட்டுவதை நிறுத்திவிட்டார். ஞாயிறு என்று எந்தக் கிழமையும் அவருக்கு வரவில்லை. துரைசாமி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். மூன்று முறை வந்து பார்த்துவிட்டு அவரும் வருவதை நிறுத்தினார். சாப்பாடு பாதியாயிற்று, பிறகு கால்வாசியாயிற்று. மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அது தூக்கத்தைக் கொடுத்தது.

ஆறாம் மாதம் ஒரு பிற்பகல், நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். அவராகவே பேசினார்.

“கனகா, எதுக்குடி அத எனுக்குக் காமிச்ச?”

விழுந்து விழுந்து அடிபட்டாயே, அதற்காக என்று சொல்லியிருக்கலாம். அது பாதிதான் உண்மை. “கோவத்துல காமிச்சேன் தாத்தா” என்றேன்.

அவர் கோபப்படவில்லை.

“நீங்க எல்லாம் நான் படுத்துனு கீறதாப் பாத்தீங்க. நான் ஆடினுதாண்டி இருந்தேன். ரெண்டு கையும் இருந்திச்சு எனுக்கு.”

நான் நகவெட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“மிச்ச வெரலையும் வெட்டு” என்றார்.

அதன்பின் இரண்டு மாதம். இடது கையில் ஸ்பாஸ்டிசிடி (தசைகள் தாமாகவே இறுகிப்போவது) கூடிக்கொண்டே வந்தது. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி, நகம் சதையில் பதியும். வியர்வை தேங்கிப் புண்ணாகும். தினமும் காலை பத்து மணிக்கு வெந்நீர்த் துணி சுற்றி, என் கட்டைவிரலை அவர் உள்ளங்கைக்குள் நுழைத்து, ஒவ்வொரு விரலாக விரிப்பேன். சுண்டுவிரலில் ஆரம்பிக்க வேண்டும். இருபது நிமிடம் ஆகும். விரித்துத் துடைத்து, துணிச்சுருள் வைத்துவிட்டு எழுவதற்குள் மறுபடியும் மூடிக்கொள்ள ஆரம்பிக்கும். அந்த இருபது நிமிடமும் அவர் என்னைப் பார்ப்பார். வலிக்கிறது என்று சொல்ல மாட்டார். இப்போது அது அவருடைய கை என்று அவருக்குத் தெரியும்.

எட்டாம் மாதம் கஞ்சி புரையேறி நுரையீரலில் சளி கட்டியது. ஆஸ்பிரேஷன் நிமோனியா என்றார்கள் (உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலைக் கெடுப்பது). தாத்தா வேலூர் வேண்டாம் என்று தலையசைத்தார். அம்மா வந்து சேர்ந்த மறுநாள், வெயில் ஏறிய பிறகு, மூச்சு நின்றது. கடைசி வார்த்தை என்று எதுவும் இல்லை. முதல் நாள் அம்மாவிடம் தண்ணீர் கேட்டார். அவ்வளவுதான்.

உங்களில் யாராவது இப்போது நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருக்கலாம். தன் கையைத் தன் கை இல்லை என்று சொல்கிற ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். உண்மையைக் காட்டலாமா என்று கேட்டால், காட்டத்தான் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தாத்தா அதற்குப் பிறகு ஒருமுறைகூட விழவில்லை. ஆனால் தனியாகக் காட்டாதீர்கள். மருத்துவரோ பயிற்சி தருபவரோ பக்கத்தில் இருக்கட்டும். நாலு பேர் எதிரில் காட்டாதீர்கள். கோபத்தில் காட்டாதீர்கள். நான் இந்த மூன்றையும் செய்தேன். காட்டிய மறுநாள் அவருக்கு என்ன கொடுப்பது என்றும் முன்னாலேயே யோசித்து வையுங்கள். என்னிடம் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

அவர் உடலைக் குளிப்பாட்டும்போது இடது கையை நான்தான் கழுவுவேன் என்றேன். வெந்நீர்த் துணியோடு உட்கார்ந்து, வழக்கம்போலச் சுண்டுவிரலில் ஆரம்பிக்கப் போனேன். கை திறந்திருந்தது. ஐந்து விரலும் தளர்ந்து, உள்ளங்கை மேலே பார்த்துக் கிடந்தது. இறந்தபின் தசை தளரும் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அது தெரியாது. அந்த இரண்டு மாதத்தில் முதல்முறையாக எந்த எதிர்ப்பும் இல்லாமல் அந்தக் கைக்குள் என் கை போயிற்று. “சீக்கிரம் புள்ள, நேரமாவுது” என்று மாமா சொல்லும்வரை நான் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஒடுகத்தூரில் மறுபடியும் வேலைக்குப் போகிறேன். காலை பத்து மணிக்குத்தான் கூட்டம் வரத் தொடங்கும். ஆதார் அட்டையும் ரேஷன் அட்டையுமாக வரிசை நிற்கும். அந்த நேரத்துக்கு என் வலது கட்டைவிரல் என் இடது உள்ளங்கைக்குள் போய் அழுத்திக்கொண்டிருக்கும். எப்போது போனது என்று எனக்குத் தெரிவதில்லை. “இன்னாம்மா, கை வலிக்குதா?” என்று எதிரில் நிற்பவர் கேட்டால்தான் குனிந்து பார்க்கிறேன். மேசைமேல் இரண்டு கைகள் இருக்கும். அதில் எது என்னுடையது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கணம் ஆகிறது.